சிங்காரியின் விஷச் சான்றிதழ்

ஒரு காட்டில், அதாவது மரத்துக்குப் பதில் பவளம் முளைத்த கடலடிக் காட்டில், சிங்காரி என்றொரு கடல்நத்தை இருந்தாள். முதுகில் ஓடு கிடையாது. ஊதா உடம்பு, மஞ்சள் கரை, முதுகு நிறையச் சிவப்புத் துளிர்கள். அத்தனையும் விஷம். நிறத்தைப் பார்த்தாலே மீன்கள் ஒதுங்கிப் போகும். அவள் பாட்டுக்கு நிம்மதியாக இருந்தாள்.

அந்த நிம்மதி அரசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை. விஷச் சான்றிதழ் இல்லாதவரை யாரும் தாராளமாகத் தின்னலாம் என்று உத்தரவு வந்தது. சிங்காரி அலறியடித்துக்கொண்டு கிளம்பினாள்; பக்கத்துப் பாறையிலிருந்த அலுவலகத்துக்கு ஊர்ந்து சேர ஒரு வாரம் ஆயிற்று.

அங்கே குமாஸ்தா கனகசபை என்ற நண்டு. அவர் பக்கவாட்டில்தான் நடப்பார். அவரிடம் போன கோப்பும் அப்படித்தான்.

“இனம்?”

“நத்தைங்க.”

“ஓடு?”

“இல்லைங்க.”

“நத்தைன்னா ஓடு இருக்கணுமே. நாளைக்கு வாம்மா.”

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் நாள் வரிசையில் நிற்கும்போது ஒரு களவா மீன் வாயைப் பிளந்துகொண்டு வந்தது. “ஓடு, ஓடு” என்று வரிசை மொத்தமும் கத்தியது.

“இல்லைங்க, இல்லைங்க” என்று பொறுமையாகப் பதில் சொன்னாள் சிங்காரி. களவா அவளை விழுங்கிவிட்டது.

அடுத்த நொடியே நாக்கு வெந்து துப்பியும்விட்டது.

“பார்த்தீங்களா சார்” என்றாள் சிங்காரி. “இவர் மெல்லாம விழுங்கினதால பிழைச்சேன். அடுத்தவர் மென்னுட்டா? இவரையே சாட்சியா வச்சு எழுதிக் குடுங்க.”

“விதிப்படி, உன்னைத் தின்னு செத்தவர்தான் சாட்சிக் கையெழுத்துப் போடணும். இவர்தான் உயிரோட இருக்காரே?”

“செத்தவர் எப்படி சார் கையெழுத்துப் போடுவார்?” அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. “நம்பிக்கை இல்லேன்னா நீங்களே கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்க.”

கனகசபை இரண்டு கண்களையும் நீட்டி அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார்.

அவள் முதுகிலிருந்து ஒரு துளிரைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். வாங்கித் தின்றால் வேலையை முடித்துக் கொடுக்கும் நாணயஸ்தர் அவர். முத்திரை குத்தினார், கையெழுத்துப் போட்டார், அப்புறம் எட்டுக் காலும் இரண்டு கொடுக்கும் மேலே தூக்க மல்லாந்து போய்ச் சேர்ந்தார்.

சிங்காரி படிவத்தைப் பார்த்தாள். அதிகாரி கையெழுத்து, தின்று செத்தவர் கையெழுத்து, இரண்டு கட்டத்துக்கும் அந்த ஒன்றே போதுமாக இருந்தது.

நீதி: அதிகாரி சாப்பிடாமல் கோப்பு நகராது. ஆகவே, போகும்போது நல்ல விஷமாகக் கொண்டுபோகவும்.