கம்பைல் அண்ணாச்சியும் ஒரு சுளவு மரச்சீனி வத்தலும்

எங்கள் தெருவில் எல்லாவற்றையும் அடியிலிருந்து தானே உண்டாக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர், கடவுளை விட்டால் கம்பைல் அண்ணாச்சி ஒருவர்தான். கடவுளாவது ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். அண்ணாச்சிக்கு அந்தப் பலவீனம் கிடையாது.

இரணியல் ரயில் நிலையத்தில் வண்டி ஊதினால் எங்கள் தெருவில் நாய் குரைக்கும், அவ்வளவு பக்கம். அண்ணாச்சி எனக்கு நேர் எதிர்வீடு. வளைகுடாவில் நெடுங்காலம் ஏசி மெக்கானிக்காக இருந்து, ஊர் திரும்பியபோது மற்றவர்கள் தங்கமும் கம்பளியும் கொண்டுவருவது போல அவர் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். நான் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். தெருக்காரர்கள் ‘துணை’யை அவர்களாகவே நீக்கி, அரசு செய்யாத பதவி உயர்வை எனக்குச் செய்து தந்தார்கள். அண்ணாச்சிக்கு நான் ‘தாசில்தார் சாறு’.

கம்பைல் என்றால் என்னவென்று அறியாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். உலகத்தில் சில நல்ல மனிதர்கள் சாஃப்ட்வேர்களை எழுதி யாருக்கும் இலவசமாகத் தருகிறார்கள். ஆக்கிய சோறாகவும் தருகிறார்கள்; அரிசியும் செய்முறையுமாகவும் தருகிறார்கள். நீங்களும் நானும் சோற்றைத் தின்றுவிட்டுக் கைகழுவிப் போவோம். அண்ணாச்சி அரிசியைத்தான் எடுப்பார். அதைக் கம்ப்யூட்டருக்குள் போட்டு மணிக்கணக்காக வேகவைக்கும் வேலைக்குத்தான் கம்பைல் என்று பெயர்.

முதன்முதலாக அவர் வீட்டுக்குப் போன அன்று திரையில் எழுத்துகள் மழையாக ஓடிக்கொண்டிருந்தன. பெரிய விஞ்ஞானம் ஏதோ நடக்கிறது என்று நினைத்து மூச்சடக்கி உட்கார்ந்தேன்.

“என்னவாக்கும் ஓடுது?”

“கால்குலேட்டர், சாறே.”

“கால்குலேட்டர் அதிலே முன்னமே உண்டும் இல்லா?”

“உண்டும். ஆனா அது வேற எவனோ ஆக்கினது. ரெண்டும் ரெண்டும் நாலுன்னு அவன் சொல்லுவான். நான் எப்படி நம்புவேன்?”

ஒருவழியாகக் கால்குலேட்டர் வெந்து முடிந்தது. இரண்டையும் இரண்டையும் கூட்டினார். நான்கு வந்தது. அண்ணாச்சி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் குலுக்கினேன். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர் மனைவி கிரேஸ் அக்கா இதையெல்லாம் எப்படிச் சகித்தார் என்று கேட்பீர்கள். கம்பைல் செய்யும்போது அந்தப் பெட்டியின் பின்புறம் அனல் பறக்கும். கிரேஸ் அக்கா அந்த அனலுக்கு முன்னால், முறம் போன்ற சுளவில் மரச்சீனிக்கிழங்கு வத்தலைப் பரப்பிவிடுவார். எங்கள் ஊரில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. மாடியில் போட்டதை வாரி எடுப்பதற்குள் இரண்டு தடவை பெய்துவிடும். அண்ணாச்சியின் அனல் மழைக்கு அஞ்சாதது. ஆகவே அந்த வீட்டில் சாஃப்ட்வேரை அளப்பதற்குத் தனி முகத்தல் அளவை இருந்தது.

“இன்னைக்கு எதாக்கும் போடுதியோ?”

“படம் பாக்கதுக்குள்ளது. சின்னது.”

“சின்னதுன்னா எனக்கு அரைச் சுளவுகூட காயாது. அந்த இன்டர்நெட் பாக்கதுக்குள்ள பெருசைப் போடுங்க, மனுசியளுக்குப் பிரயோசனமா.”

அண்ணாச்சி மறுபேச்சில்லாமல் பெரியதைப் போடுவார்.

ஆனால் இடையில் கரண்டு போய்விட்டால் எல்லாம் முதலிலிருந்து. இதனால் மின்வாரிய லைன்மேனுக்கு அவர் விடாமல் போன் செய்வார். “மக்கா, இன்னைக்கு மட்டும் கட் பண்ணிடாதே. இப்பதான் பாதி தாண்டியிருக்கு. நின்னுபோச்சுன்னா பொறவு ஒண்ணும் செய்ய ஒக்காது.” இப்படிப் பல வாரங்கள். லைன்மேன் இளகிய மனதுக்காரர். ஒருநாள் மட்டிப்பழக் குலையோடு வந்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஆளு எந்த ரூமிலே கெடக்கு?”

கிரேஸ் அக்கா கம்ப்யூட்டரைக் காட்டினார். லைன்மேன் அதைப் பார்த்தார். பழக்குலையைப் பார்த்தார். கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப்போவது மரியாதை இல்லை என்று, அதன் முன்னாலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஒருமுறை எங்கள் ஆலயச் சபையார் வேன் பிடித்துத் திற்பரப்பு அருவிக்குப் போனோம். எல்லாரும் துண்டோடு வந்தார்கள். அண்ணாச்சி யாரிடமோ இரவல் வாங்கிய, ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்போடு வந்தார். “மூடினா உறங்கிப்போவும் சாறே. கொழம்பு கொதிக்கும்போ அடுப்பை அணைப்பியளா?” நாங்கள் அருவியில் நின்றோம். அவர் சாரல் படாத தூரத்தில் குடை பிடித்து நின்றார். குடை அவருக்கில்லை, லேப்டாப்புக்கு. குளிக்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர், அருவிக்கு அனுமதிச்சீட்டு அவரிடம்தான் வாங்க வேண்டுமாக்கும் என்று நினைத்து வரிசையில் நின்றார். அவர் பின்னால் பெரிய வரிசை சேர்ந்துவிட்டது. அரசாங்கத்தில் இத்தனை ஆண்டுகள் இருந்த நான்கூட அப்படி ஒரு ஒழுங்கான வரிசையைக் கண்டதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் சபையில் பாடல் வரிகளைத் திரையில் காட்டும் பொறுப்பு அண்ணாச்சிக்கு. ஞாயிறுதோறும் தம் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி, மணப்பெண்ணைப் போல மடியில் சாய்த்து ஆலயத்துக்குக் கொண்டுபோவார். நான் சபைச் செயலர். திரை வந்த பிறகு பாட்டுத்தாள் அச்சடிப்பதையே நிறுத்திவிட்டோம்.

அந்த ஆண்டு சபைப் பண்டிகைக்குப் பெண்கள் பாடகர் குழு ஒரு புதுப்பாட்டுப் பாடுவதாக ஏற்பாடு. பாட்டை எழுதி ராகமும் போட்டவர் கிரேஸ் அக்கா. வாழ்நாளில் அவர் எழுதிய முதல் பாட்டு. அடுப்பங்கரையில் முணுமுணுத்து, வத்தலைப் புரட்டும்போது திருத்தி, ஒரு வழியாக உருவானது. “என் பாட்டு சுவரிலே பெருசா தெரியதைப் பாக்கணும் சாறே” என்று என்னிடமே இரண்டு மூன்று தடவை சொன்னார்.

பண்டிகைக்கு முந்திய வெள்ளிக்கிழமை அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? திரையில் பாட்டுக் காட்டும் சாஃப்ட்வேருக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று கண்டார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழையதை முதலில் அழித்தார். புதிய வீடு கட்டி முடிவதற்குள் பழைய வீட்டை இடித்துவிட்டுப் பெண்டாட்டியோடு நடுத்தெருவில் நிற்பது எந்த நடைமுறையிலும் இல்லை. அண்ணாச்சி நடைமுறைக்கு அப்பாற்பட்டவர்.

“புதுசுலே என்ன விசேசம்?” என்றேன்.

“பழசுலே ஒரு பட்டன் லேசா கோணி இருந்து. இதிலே நேரா இருக்கும்.”

பட்டன் நேராகத்தான் வந்தது. கோணியது பாட்டு. எழுத்தின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் வட்டம் வட்டமாகப் புள்ளிக்கோலம். பண்டிகைக்கு வந்த விருந்தாளிகள் ஆளுக்கொரு எழுத்தைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம் போல இருந்தது. கிரேஸ் அக்கா பார்த்தார். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை.

“ஞாயித்துக்கிழமை எனக்கப் பாட்டு நேரே தெரியணும். தெரியலேன்னா திங்கக்கிழமை காலத்தே ஆக்கர்காரன் வருவான். பழைய இரும்போட சேத்து இந்த சவத்தையும் எடுத்துட்டுப் போவான்.” சொன்ன கையோடு ஆக்கர்காரருக்குப் போனும் செய்தார்.

நாகர்கோவிலிலிருந்து வேறு லேப்டாப் வரவழைக்கலாமே என்று நான் சொன்னேன். “வேண்டாம் சாறே. ஏத்தினவரே எறக்கட்டும்.” ஆக்கின சோறாகவே இறக்கிப் போடலாமே என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். சபையே கூடிச் சமைக்கும் அசனப் பந்திக்கு ஓட்டலில் பிரியாணி வாங்கலாமா என்று கேட்டதுபோல என்னைப் பார்த்தார்.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

“சாறே, ஒரு வெனை. எழுத்தை வரையதுக்கு ஒரு புரோகிராம் உண்டும். வரைஞ்சதைக் கொம்பும் காலுமா சேத்து அடுக்கதுக்கு வேற ஒண்ணு உண்டும். முதல் புரோகிராமைக் கட்டப்போனா, ரெண்டாவதைக் கொண்டான்னு சொல்லுது. ரெண்டாவதைக் கட்டப்போனா, முதலாவது எங்கேன்னு கேக்குது. ராத்திரி முழுக்க ரெண்டும் என்னைப் பந்து தட்டுதுவ.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஓய்வு பெற்ற பிறகு இப்படி ஒரு சிலிர்ப்பு வந்ததில்லை.

“ஓய், இது நம்ம தாலுகா ஆபீஸ் இல்லா!”

“எப்படி?”

“இந்தச் சான்று வேணும்னா அந்தச் சான்று கொண்டா. அந்தச் சான்று வேணும்னா இந்தச் சான்று கொண்டா. இதைத்தானே ஓய் நான் ஆயுசு முழுக்கச் செஞ்சேன்!”

“அப்போ ஆளுவ எப்படிக் கரையேறினாவ?”

“முதல்லே குறையோட ஒரு தற்காலிகச் சான்று கொடுப்போம். அதைக் காட்டி அவன் ரெண்டாவதை வாங்குவான். ரெண்டாவது வந்தாச்சா? பழைய தற்காலிகத்தைத் திருப்பி வாங்கிக் கிழிச்சுப் போட்டுட்டு, முழுச் சான்று கொடுப்போம்.”

“அதுக்கு விதி உண்டுமா சாறே?”

“விதி இல்லை. நடைமுறை உண்டும்.”

அண்ணாச்சி என்னைத் தரதரவென்று இழுத்துப்போனார். செய்முறையைத் தேடினார். முதல் புரோகிராமை, இரண்டாவது இல்லாமல், குறையாகவும் கட்டலாம் என்று ஒரு வரி மூலையில் கிடந்தது. ஒருவர் கண்ணிலும் படாத இடத்தில் வைத்திருந்தார்கள். அந்த நேர்த்தியிலேயே அதை எழுதியவர் நம் துறைக்காரர் என்று புரிந்துகொண்டேன். தற்காலிகம் பிறந்தது. அதைக் காட்டி இரண்டாவது பிறந்தது. இரண்டாவதைக் காட்டி முதலாவது முழுதாகப் பிறந்தது. நாங்கள் இருவரும் அறைக்குள் ஒரு சுற்று ஆடினோம் என்று கிரேஸ் அக்கா சொல்கிறார். நான் மறுக்கிறேன்.

ஆனால் அஸ்திவாரம் மாறியதால் அதன்மேல் நின்ற எல்லாவற்றையும் திரும்பக் கட்ட வேண்டுமாம். ஞாயிறு காலை முதல் மணி அடித்தபோதும் கட்டிக்கொண்டிருந்தது.

“நிப்பாட்ட ஒக்காது. ஓடும்போதே கொண்டுபோவோம்” என்றார் அண்ணாச்சி.

கரண்டு இல்லாதபோது கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும் பேட்டரிப் பெட்டியோடு கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கட்டி ஆட்டோவில் ஏற்றினோம். பிளக்கைப் பிடுங்கியதும் பெட்டி ‘பீப், பீப்’ என்று அலறத் தொடங்கியது. தெருவில் போனவர்கள் ஆம்புலன்ஸ் என்று நினைத்து ஒதுங்கினார்கள். தெருமுக்கில் நின்ற லைன்மேன் எங்களைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, “சீக்கு கூடிப்போச்சா?” என்று ஆட்டோவோடு ஓடிவந்தார்.

“இல்லே மக்கா, நல்லாத்தான் போவுது!” என்று அண்ணாச்சி கத்தினார்.

ஆலயத்தில் பிளக்கைச் செருகியபோது ஆராதனை தொடங்கிவிட்டது. பிரசங்கம் முடிந்தது. கட்டுமானம் முடியவில்லை. அடுத்தது என் அறிவிப்புகள். அதற்கடுத்தது கிரேஸ் அக்காவின் பாட்டு. பக்கவாட்டுக் கதவருகே அண்ணாச்சி இரண்டு கையாலும் ஜவ்வு இழுத்துக் காட்டினார்.

சாதாரணமாக என் அறிவிப்புகள் தந்தி போல இருக்கும். அன்று வாகனங்களை ஒழுங்காக நிறுத்தக் கேட்டுக்கொண்டேன். இருசக்கர வாகனம், நான்கு சக்கர வாகனம் என்று வகை பிரித்தேன். சைக்கிளைத் தனியாக எடுத்துக்கொண்டேன். அசனப் பந்தியில் உட்காரும் முறை, எழும் முறை, இலையை மடிக்கும் முறை எல்லாம் விளக்கினேன். பந்தல் போட்டவருக்கு நன்றி, பந்தல் கால் நட்டவருக்கு நன்றி, குழி தோண்டியவருக்குத் தனியாக நன்றி. போதகர் என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தார். காணாமற்போன ஒரு குடையின் அங்க அடையாளங்களுக்குப் போனபோது அண்ணாச்சி கட்டைவிரலை உயர்த்தினார். குடையை அந்தரத்தில் விட்டுவிட்டு இறங்கினேன்.

திரை ஒளிர்ந்தது. பாட்டு வந்தது. கொம்பு கொம்பின் இடத்தில், கால் காலின் இடத்தில், பெரிதாக, அழகாக.

குழுவின் பெண்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள். அண்ணாச்சியை நம்பாமல் வெள்ளிக்கிழமையே வரிகளை மனப்பாடம் செய்துவிட்டார்களாம். அந்தத் திரையைப் பார்த்துப் பாடியவர் ஒருவர்தான். தானே எழுதிய பாட்டை, யாரோ எழுதியதைப் போல, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கிரேஸ் அக்கா வாசித்தார். புரொஜெக்டருக்குப் பின்னால் நின்ற அண்ணாச்சி திரையைப் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. போனில் சொல்லி வைத்ததை யாரும் ரத்து செய்ததாகத் தெரியவில்லையே. ரத்து செய்யாத ஆணை நடப்பில் உள்ள ஆணை. ஆக்கர்காரர் வந்துவிட்டால்? வீட்டிலிருந்த மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய் நின்றேன். அவர் தள்ளுவண்டியோடு வந்தார்.

“எதிர்வீட்டுக்குப் போவண்டாம். இதை எடுத்துட்டு அப்படியே திரும்பிரும்.”

“கிரேஸ் அக்கா நேத்தே போன் போட்டு வராண்டாம்னு சொல்லியாச்சே சாறே. வத்தல் காயணுமாம்” என்று அவர் சிரித்தார். “நான் சும்மா இந்த வழியாட்டு வந்தேன். ஆனா ஃபேன் கொள்ளாம், நல்ல வெலை போவும்.” ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

நல்ல விசிறி. ஓடிக்கொண்டிருந்த விசிறி. இப்போதெல்லாம் புழுக்கமான மாலைகளில் காற்று வாங்க எதிர்வீட்டுக்குத்தான் போகிறேன். அந்தப் பெட்டியின் காற்று அனலாகத்தான் அடிக்கிறது. இருந்தாலும் வத்தல் சுளவை ஓரமாக நகர்த்திவிட்டு, அதற்கு முன்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.