எட்டாம் படுக்கையில் ஒழுகல்

“கையை நீட்டுங்க.”

“மாட்டேன்.”

இதய அறுவைப் பிரிவின் எட்டாம் படுக்கையில் குழாய்க்காரர் இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். ஊசியும் நான்கு குப்பிகளுமாக எதிரில் நின்ற லேப் பெண், இந்த வார்த்தையை இதுவரை கேட்டிராதவள்போலக் காதை ஒருமுறை தேய்த்துக்கொண்டாள்.

வால்வு மாற்றி ஐந்தாம் நாள். வால்வு அவருக்குப் புதிதல்ல. முப்பது வருடமாகப் பாதி ஊருக்கு அவர்தான் மாற்றியிருக்கிறார். அதனால்தான் ஆபரேஷனுக்கு முந்தைய நாள் இதயத்துக்குப் பதிலாக ஓடும் பம்பை இயக்குகிற பெண் வந்து விளக்கியபோது, அவர் நோயாளி மாதிரி கேட்கவில்லை, வேலையைக் காண்ட்ராக்ட் விட்டவர் மாதிரி கேட்டார்.

“குழாய் எவ்வளவு நீளம்மா?”

“பழைய செட்டுல பாதிதாங்க. நீளமா இருந்தா அதை நிரப்பத் தண்ணி மருந்து நிறைய ஊத்தணும், ரத்தம் நீர்த்துடும். அப்புறம் வேற யாரோட ரத்தமாவது ஏத்தணும். இப்ப குட்டைக் குழாய், உங்க ரத்தத்தை வெச்சே நிரப்பிடுவோம். சிந்துறதையும் அலசி உங்களுக்கே திருப்பி விட்டுடுவோம்.”

“ஒரு சொட்டு வீணாகாது?”

“ஆகாது.”

குழாய்க்காரர் அங்கேயே மயங்கிவிட்டார். மயக்க மருந்து மறுநாள்தான் கொடுத்தார்கள்.

சொன்னபடியே, அடுத்தவர் ரத்தம் ஒரு பைகூட ஏறாமல் வேலை முடிந்தது. ‘பம்ப் தங்கச்சி’ என்று அவர் பெயர் வைத்த அந்தப் பெண் நடத்தும் ஆராய்ச்சியில் அவர் நாற்பதாவது ஆள். வீட்டுக்குப் போகும்வரை பை ஏறாமல் இருந்தால்தான் அவர் தேறியவர். ஹீமோகுளோபின் ஏழரைக்குக் கீழே போனால் ஏற்றியே தீருவார்கள்.

ஆபரேஷன் முடிந்தபோது ஒன்பதரை இருந்தது. இன்று எட்டு.

“எங்கம்மா போகுது?” என்றார் லேப் பெண்ணிடம். “தரையில ஈரமில்ல, தையல்ல கசிவில்ல. உன் குப்பியிலதான் போகுது. மெயின் லைனைப் பக்காவா போட்டுட்டு, தெனமும் வந்து குடத்துல மொண்டுட்டுப் போனா டேங்க் எப்படி நிக்கும்? அதுவும் காலையில ரெண்டு தடவை.”

“சீட்டு வந்தா நான் எடுக்கணும் சார். மேல கேளுங்க.”

“கேளுங்கண்ணே, விடாதீங்க,” என்றார் ஒன்பதாம் படுக்கைக்காரர், கழுத்துவரை போர்த்தியபடி. அவருக்கும் அதே நாளில் அதே ஆபரேஷன். நல்ல மனிதர். விடியற்காலையில் ஊசியோடு வருபவர்கள் இருட்டில் தடுமாறி நின்றால், “அண்ணே, உங்களைத்தான்” என்று குழாய்க்காரரைத் தட்டி எழுப்பிவிடுவார். “எனக்கெல்லாம் இங்க குத்துறதே தெரியல. பூ மாதிரி எடுக்கறாங்க.”

“நீங்க குடுத்து வெச்சவரு.”

விஷயம் பம்ப் தங்கச்சிக்குப் போனது. அவள் குழந்தைகளுக்கு எடுக்கும் குட்டிக் குப்பிகளோடு வந்தாள். “பெரியவங்களுக்கும் இதுவே போதும்னு புது ஆராய்ச்சியெல்லாம் சொல்லுதுண்ணே. ஒரு தடவை மட்டும் கை குடுங்க.”

அவள் சொன்னதால் கொடுத்தார். ஆனால் லேப் இயந்திரம் ஆராய்ச்சி எதையும் படித்திருக்கவில்லை. ‘அளவு போதாது’ என்று துப்பியது. லேப் பெண் பெரிய குப்பிகளோடு திரும்பி வந்தாள். குட்டியில் போனது போக, பெரியதிலும் போனது.

பம்ப் தங்கச்சி டியூட்டி டாக்டரிடம் சண்டைக்குப் போனாள். அவர் தாளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். “குறையுதே. ஏன் குறையுதுன்னு தெரியணும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுங்க.”

அன்று மதியம் குழாய்க்காரர் முழுக்கைச் சட்டை கேட்டு வாங்கி, மணிக்கட்டுவரை பொத்தான் போட்டுக்கொண்டார்.

“ஏழரையைக் கூட்டாதீங்க,” என்றாள் மனைவி.

“நான் கூட்டலடி. ஏழரைக்கு எறங்காமப் பார்த்துக்கறேன்.”

டியூட்டி டாக்டரே வந்தார். “டெஸ்ட் வேணாம்னா வேணாம் சார். ஆனா டெஸ்ட் தேவைப்படாத அளவுக்கு நீங்க நல்லா இருக்கீங்கன்னு ஒரு ரிப்போர்ட் வேணும்.”

“அது எப்படிக் கிடைக்கும்?”

“ஒரே ஒரு டெஸ்ட்.”

குழாய்க்காரர் கட்டிலைவிட்டு இறங்கினார். இருமினால் நெஞ்சில் அணைத்துக்கொள்ளக் கொடுத்திருந்த தலையணையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நடந்து, தலைமை சர்ஜன் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“உள்ள போய்ப் படுங்க சார்,” என்றார் பின்னாலேயே ஓடிவந்த டாக்டர்.

“நானும் வால்வுதான் தம்பி. மூடியாச்சு. இனி பெரியவர் வந்தாத்தான் திறக்கும்.”

பெரியவர் வந்தார். பம்ப் தங்கச்சி நடுங்காமல் சொன்னாள்: “சார், தியேட்டர்ல நாம மிச்சம் பிடிச்சதை வார்டுல ஊத்திட்டோம். அஞ்சு நாள்ல இவர்கிட்ட குப்பியில எடுத்ததே முக்கால் பை.”

“இவ்வளவு யார் எழுதினது?”

டியூட்டி டாக்டர் லேப் பெண்ணைப் பார்த்தார். லேப் பெண் குப்பிகளைப் பார்த்தாள். குப்பிகளுக்குப் பார்க்க ஆளில்லை.

சர்ஜன் குழாய்க்காரரின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாடி பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஒரு தாளில் தன் கையாலேயே எழுதினார்: ‘எட்டாம் படுக்கை. இவர் கையை இனி யாரும் தொடக்கூடாது. நாளை வீட்டுக்கு.’

தாள் தலைமாட்டில் ஒட்டப்பட்டபோது வார்டே கை தட்டியது, தையல் வலிக்காத அளவுக்கு. குழாய்க்காரர் சட்டைக் கையை மெதுவாக முழங்கைவரை மடித்துவிட்டார். ஜெயித்த கை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

“நாற்பது,” என்றாள் பம்ப் தங்கச்சி. ஆராய்ச்சி நோட்டில் அந்த எண்ணை வட்டமிட்டாள்.

ஒன்பதாம் படுக்கைக்காரர் மட்டும் கை தட்டவில்லை. முகம் வெளிறிப்போய், தாளை இரண்டு முறை படித்துவிட்டு, போர்வையிலிருந்து தலையை நீட்டிக் கேட்டார்:

“அண்ணே, உங்க கையைத் தொடக்கூடாதுன்னா, இனிமே எனக்கு எழுதற டெஸ்ட்டுக்கெல்லாம் யார் கையில எடுப்பாங்க?”