செஞ்சிக்குத் திரும்பிப் போன கல்

வாழ்க்கையில் ஒரே ஒரு திருட்டுதான் செய்தேன். ஒரு கல். அதையும் திருப்பிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டது திருப்பிக் கொடுக்கப் போனபோது.

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டினேன். டெம்பரரி. நவம்பரில் கம்பெனி ஆட்கள் செஞ்சிக் கோட்டைக்கு டூர் போனோம். கைடு நெற்களஞ்சியம், யானைக்குளம் எல்லாம் காட்டினார். ராஜா அந்த மலை உச்சிக்குக் குதிரையிலேயே போவாராம். (குதிரையைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.) நான் பாதி மலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இடிந்த மதில். கீழே குழவி அளவில் ஒரு கல். பையில் போட்டேன்.

கிறிஸ்துமஸ் குடிலுக்குத்தான். ஆவடி சேக்காட்டில் எங்கள் தெருவே பேப்பரைக் கசக்கித்தான் மலை செய்யும். என் குடிலில் நிஜ மலை இருக்கட்டும் என்று நினைத்தேன். (வயசுத் திமிர்.) பனிக்குப் பஞ்சும் ஒட்டினேன்.

கிறிஸ்துமஸ் அன்று பிரியாணிக்கு தாஸ் அண்ணன் வந்தார். டூருக்கும் வந்தவர். குடிலைப் பார்த்தார். கல் எங்கே கிடைத்தது என்று கேட்டார். சொன்னேன். தட்டைக் கீழே வைத்தார்.

“அந்தக் கோட்ட ராணி தீயில எறங்கறப்போ சாபம் உட்டுக்கீது நைனா. இங்க கல்லு எடுத்தவன் எந்த எடத்துலயும் நெலைக்க மாட்டான்னு.”

பிறகு தட்டை எடுத்து இன்னொரு லெக் பீஸ் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஜனவரியில் பர்மனென்ட் லிஸ்ட் வர இருந்தது. நாம் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், ராணி சாபம் நமக்கு எப்படிப் பிடிக்கும் என்று மனைவி ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

“நீ எந்தக் கோயிலுக்குப் போறேன்னு ராணி கேக்கல. கல்லு எடுத்தியா இல்லியா?”

லீவு கேட்டேன். இல்லை என்றார்கள். சொல்லாமல் கிளம்பினேன். பூந்தமல்லி, தாம்பரம், திண்டிவனம் என்று பஸ் மாறி மாறிப் போனேன். கல் மடியில். கோட்டை வாசலில் கை மாற்றப் பையை இறக்கினேன். ‘ணங்’ என்றது. வாட்ச்மேன் வந்துவிட்டார்.

“கல்லா தூக்கிட்டுப் போற?”

“தூக்கினு வந்துகீறேன் சார்.”

“எங்கேர்ந்து?”

“ஆவடிலேர்ந்து.”

போலீஸைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார். கேஸ் ஆனால் பர்மனென்ட் போச்சு. கல்லைப் புரட்டிப் பஞ்சைக் காட்டினேன். குடில் கதையையும் சாபத்தையும் சொன்னேன். பஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

“இருவது வருசமா இங்க இருக்கேன். இப்படி ஒரு சாபம் நான் கேட்டதில்ல. பஞ்சப் பிச்சிட்டு, எடுத்த எடத்துலயே வச்சிட்டுப் போ.”

எடுத்த இடம் பாதி மலை. ஏறினேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். முந்தின நாள்தான் மேனேஜர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு பர்மனென்ட் பேப்பரில் கையெழுத்து வாங்கியிருந்தார். சொல்லாமல் லீவு போட்டவன் பெயரை அடித்துவிட்டார்கள். பர்மனென்ட் ஆக இன்னும் இரண்டு வருஷம் ஆனது.

தாஸ் அண்ணனிடம் போய் நின்றேன். “தமாசுக்கு சொன்னேன் நைனா,” என்றார்.

சாபம் பலித்தது என்றுதான் ஸ்டெல்லா இன்றைக்கும் சொல்கிறாள். இப்போது எங்கள் குடிலிலும் பேப்பர் மலைதான். கசக்கி முடித்ததும் மகள் வருஷா வருஷம் கேட்பாள்:

“நைனா, இத்த இங்கயே வெக்கவா, செஞ்சில வெச்சிட்டு வரியா?”

நான் அன்று கல்லோடு மலை ஏறிய முட்டியைத் தடவிக்கொள்வேன்.