ஐம்பது எம்.எம். கல்யாணம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தை விசாரிக்கும் யோக்கியதை இந்த வாரம் எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் விசாரிக்கிறேன். சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி தேவலையா? என் மகள் உங்கள் மனம் கோணாமல் நடந்துகொள்கிறாள் என்று நம்புகிறேன். கோணல் எல்லாம் இப்போது என் பக்கத்தில்தான்.

நேற்று நீங்கள் போனில், "உங்க ரெண்டாவது கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க வேண்டாம்னா சொல்லப்போறோம்? வந்து வாழ்த்திட்டுப் போயிருப்போமே" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டீர்கள். பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் மரியாதை போய்விட்டால் அப்புறம் மனுஷனுக்கு என்ன இருக்கிறது? அதனால்தான் இந்தக் கடிதம். சம்பந்தி, நீங்கள் வீடியோவில் பார்த்தது கல்யாணம் அல்ல. லென்ஸ் சோதனை.

என் மகன் கல்யாண வீடியோ எடுக்கிறான் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த மாதம் ஒரு பெரிய மண்டபத்தில் அவனுக்கு வேலை வந்திருக்கிறது. அவன் தனியாக ஒப்புக்கொண்ட முதல் பெரிய வேலை. ஆனால் அந்த மண்டபத்தில் வெளிச்சம் போதாது, கேமராவோடு வந்த லென்ஸில் எடுத்தால் மணப்பெண் முகத்தில் மணல் தூவின மாதிரி இருக்கும் என்று புலம்பிக்கொண்டே இருந்தான். நல்ல லென்ஸாகவும் வேண்டும், கைக்கு எட்டுகிற விலையிலும் வேண்டும். கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் இரண்டைக் கொடுத்து, ஒருநாள் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒன்று யாரோ வைத்திருந்து விற்ற பெரிய ஜூம் லென்ஸ். இருந்த இடத்திலிருந்தே ஆளைக் கிட்டத்தில் இழுக்கும், தூக்குகிறவன் தோளையும் சேர்த்து இழுக்கும். இன்னொன்று கைக்கு அடக்கமான ஐம்பது எம்.எம்.; ஆளைக் கிட்டத்தில் காட்ட வேண்டுமென்றால் நாமேதான் நடந்து போக வேண்டும், ஆனால் இருட்டில் பூனைக்கண் மாதிரி தெளிவாகப் பார்க்கும், விலையோ அதில் பாதிக்கும் கீழே.

வாழ்நாள் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தவன் நான். வீட்டுக்குள் லென்ஸ் என்று ஒரு பேச்சு வந்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? பெரியதைச் சன்னலோரம் கொண்டுபோய் உயர்த்திப் பார்த்து, இது பவர் ஏறின கண்ணாடி, போட்டால் தலை சுற்றும் என்று தீர்ப்புச் சொன்னேன். சின்னதைக் கண்ணாடி துடைக்கிற திரவத்தில் முக்கி எடுக்கப் போனபோது மகன் பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டான். "அப்பா, உதவி பண்ணணும்னு நினைச்சா மாப்பிள்ளையா உக்காருங்க. அது போதும்" என்றான். வருவது வரட்டும் என்று கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

மகன் சன்னலை எல்லாம் மூடி, சுவர் முழுக்க வண்ண விளக்குகளைத் தொங்கவிட்டு, மண்டபத்துக் களை வர வேண்டும் என்று பாட்டையும் அலறவிட்டான். மாடியில் குடியிருக்கும் டீச்சர் சண்டைக்கு இறங்கி வந்தார். பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் சாய்ந்து உட்கார்ந்திருந்தாலும் நிமிர்ந்துவிடுவேன். அவர் வாயைத் திறப்பதற்குள் மகன் பிளாஸ்டிக் பூங்கொத்தை அவர் கையில் கொடுத்து, மணப்பெண் இடம் காலியாக இருப்பதால் லென்ஸ் திணறுகிறது என்று கெஞ்சினான். டீச்சர் தன் சேலையைக் குனிந்து பார்த்தார். "இந்தச் சேலையிலயா?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய், கல்யாணத்துக்குப் போக வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

பெரிய லென்ஸில் எல்லாமே பளிச்சென்று விழுந்தது: நான், டீச்சர், பின்னால் ஃபிரிட்ஜ், அதன் மேல் என் மருந்துப் பாட்டில்கள், காயப்போட்ட துண்டு. மோதிரம் மாற்றும் நேரத்தில் மகனுக்குக் கை ஓய்ந்துபோனதால் மீதிக் கல்யாணம் முழுக்க எங்கள் பாதங்களிலேயே நடந்தது. சின்ன லென்ஸ் முதலில் கிர் கிர் என்று முனகிக்கொண்டு பூங்கொத்தையே மணப்பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தது. பிறகு பிடித்தது பாருங்கள் இரண்டு முகத்தை! ஃபிரிட்ஜும் துண்டும் கரைந்துபோய், பின்னால் வெறும் வெளிச்சப் பொட்டுகள்தான். மோதிரத்துக்குத் திரைச்சீலை வளையம்தான் கிடைத்தது. அதைப் போட்டுவிட்டபோது டீச்சர், "கடையிலயும் கண்ணாடியை அளவு பார்க்காமத்தான் மாட்டிவிட்டீங்களா?" என்று கேட்டார். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். என் வீட்டுக்காரி போன பிறகு அப்படி நான் சிரித்ததில்லை. மனசுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நடந்தது இவ்வளவுதான்.

எந்த லென்ஸ் தேவலை என்று கேட்பதற்காக மகன் இரண்டு வீடியோவையும் குடும்பக் குரூப்பில் போட்டான். என்ன ஏது என்று ஒரு வரி எழுதிப் போட வேண்டாமோ? எழுதவில்லை. சம்பந்தியம்மா முதலில் பார்த்தார்கள், அடுத்து நீங்கள் பார்த்தீர்கள். லென்ஸைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவனே சின்னதை வாங்கிவிட்டான். கிர் கிர் விழாமலிருக்கத் தனி மைக் வைத்துக்கொள்வானாம்.

ஆகவே சம்பந்தி, எனக்கும் டீச்சருக்கும் கல்யாணம் நடக்கவில்லை. அப்படியொரு எண்ணமும் எங்கள் இருவருக்கும் இல்லை. உங்களை விட்டுவிட்டு ஒரு நல்ல காரியம் செய்கிறவன் அல்ல நான். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மாப்பிள்ளையும் மகளும் ஒருவருக்கொருவர் முகம் வாடாமல் நெடுங்காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் உறவை உயிராக மதிக்கும் சம்பந்தி

பி.கு.: உறையில் போடும் முன் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இதை டீச்சரிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து முழுவதும் படித்தார். பிழை ஏதும் இல்லையாம். 'எங்கள் இருவருக்கும்' என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு போட்டார். "உங்களுக்கு எண்ணம் இல்லைன்னா, உங்களுக்கு இல்லைன்னு எழுதுங்க. என்னைக் கேக்காம என் சார்பா எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். 'எனக்கு' என்று திருத்தி எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. ரொம்ப நேரம் பார்த்தேன், ஓடவே இல்லை. பிறகு நானும் மாடி ஏறினேன். இப்போதுதான் இறங்கி வந்தேன். நாள் குறித்ததும் முறைப்படி நேரில் வந்து அழைக்கிறேன் சம்பந்தி. முதல் வார்த்தை உங்களுக்குத்தான். என் மகனுக்கே இன்னும் சொல்லவில்லை.