புத்தகத்தில் உள்ளபடி பி.எஸ்.ஏ.

தகப்பன் விட்டுப்போன பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளில் ஒரு நட்டைக்கூட மாற்றுவதில்லை என்று சோமசேகரம் சபதம் எடுத்திருந்தார். ஐம்பத்தோராம் ஆண்டு வண்டி. திருகோணமலைத் துறைமுகத்தில் அவர் ஸ்ரோர் கிளாக்கர். நாள் முழுக்கச் சாமான் ஏற்றி இறக்கக் கையெழுத்து வைக்கிற மனிசன், தன் வண்டியில் மட்டும் ஒரு புதுச் சாமானும் ஏறவிடவில்லை. ஊர் இளந்தாரிகள் பழைய வண்டிகளின் மட்காட்டை வெட்டி, ஹாண்டிலை உயர்த்தி, சிவப்பு மை பூசி ஓடித் திரிந்தார்கள். அப்படி ஒன்று எதிரே வந்தால், செத்தவீட்டைக் கடப்பதுபோல வேகத்தைக் குறைத்துக்கொள்வார். அவற்றை வெட்டித் தைக்கிற கராஜ்காரன் அப்துல் மஜீதுக்கு அவர் வைத்த பெயர் கொலைகாரன்.

அது தொண்ணூற்றிரண்டு, சண்டைக் காலம். கண்டி றோட்டில் பஸ் வந்தால் வரும். வராவிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை. சோமசேகரத்தின் மனைவி ராசமலர் கப்பல்துறைப் பக்கத்துக்கு மருத்துவிச்சி. அன்றைக்கு ஒரு பிள்ளைத்தாச்சியைப் பாதி வழி கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வந்து ஆசுபத்திரியில் சேர்த்திருந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, கதை தொடங்கிவிட்டது.

"இஞ்சேருங்கோ, வண்டியின்ர பின் சீட்டைக் கழட்டிப்போட்டு அகலமா ஒண்டு பூட்டுவம். சாய்மானமும் வைப்பம்."

"பி.எஸ்.ஏ.யிலையோ?"

"வேற எதில?"

"ஏலாது. அது ஒறிஜினல். ஐம்பத்தொண்டில கப்பலால இறங்கின மாதிரியே நிக்குது."

"நிக்குது. அதுதான் பிரச்சினை. பி.எஸ்.ஏ. எண்டா என்னெண்டு எனக்கு இப்பதான் விளங்குது."

"என்னவாம்?"

"பிள்ளைத்தாச்சி சுமக்க ஏலாது."

சோமசேகரத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மனிசி சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயத்தோடு மோத அவரால் முடியாது. ஆகவே அரசாங்கத்தைத் துணைக்கு அழைத்தார்.

"ராசு, நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை," என்றார் அடுத்த நாள், மிகவும் கவலைப்பட்ட முகத்தோடு. "ஆனா சென்ரியில ஆமிக்காரன் வண்டியின்ர பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பாக்கிறான். புத்தகத்தில உள்ளபடி வண்டி இல்லாட்டிப் பறிச்சுப்போடுவான்."

"உள்ளபடியே இருக்கோணுமோ?"

"ஓம். ஒரு எழுத்தும் பிசகக் கூடாது."

"அப்ப சரி," என்றாள் ராசமலர். குசினிக்குள் போய்விட்டாள். இவ்வளவு லேசாக வெற்றி கிடைத்ததில் சோமசேகரத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, உழவு மெசின் ஒன்று படலையடியில் வந்து நின்றது. அதன் பின்பெட்டியிலிருந்து கொலைகாரன் இறங்கினான். அவனுக்குப் பின்னால், தோணியின் தலையை வெட்டியெடுத்தது போல ஒரு சாமான் இறங்கியது. அதற்கு ஒரு சில்லும் இருந்தது.

"என்ன மஜீத் இது?"

"சைட்கார், சேர். உங்கட வண்டியின்ரதான்."

"என்ர வண்டிக்குச் சைட்கார் இல்லை."

அவர் ஒருநாளும் விரித்துப் பார்த்திராத பதிவுப் புத்தகத்தை ராசமலர் அலுமாரியிலிருந்து எடுத்து வந்து விரித்தாள். பழுப்பேறிய தாளில் அந்தக் காலத்து இங்கிலீசு எழுத்து. "வாசியுங்கோ. மோட்டார் சைக்கிளும் சைட்காரும் எண்டு கிடக்கு. ஒரு எழுத்தும் பிசகக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"எங்கட வாப்பாதான் கழட்டினவர்," என்றான் மஜீத். "உங்கட தாயார் இதில இருந்துகொண்டு, இந்தப் பக்கம் திருப்பு, அந்தப் பக்கம் திருப்பு எண்டு சொல்லிச் சொல்லி உங்கட தகப்பனாருக்கு ஏலாமப் போச்சாம். கப்பல்துறையில ஒராள் இதில ஆட்டுக்குத் தவிடு வைச்சவர். ராசமலர் மிஸி அந்த வீட்டுக்குப் பிள்ளைப்பேறு பாக்கப் போகேக்க கண்டிருக்கிறா."

"அப்ப இவ்வளவு நாளும் நான் ஓடினது?"

"மாத்தின வண்டி, சேர்."

வண்டியின் இடப்பக்கச் சட்டத்தில் நாலு இரும்புக் காதுகள் இருந்தன. எதற்கென்று தெரியாமலே இருபது வருசமாகச் சோமசேகரம் அவற்றைத் துடைத்து மினுக்கி வந்தவர். சைட்கார் அந்த நாலிலும் ஒரு தட்டுத் தட்டாமல் போய்ப் பொருந்தியது. அந்தக் காதுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். துக்கமா சந்தோசமா என்று அவராலேயே பிரித்தறிய முடியவில்லை.

வியாழக்கிழமை காலையில், பிள்ளைப்பேற்று நோக்காடு கண்ட கப்பல்துறைப் பரீனாவைச் சைட்காரில் இருத்தி, ராசமலரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் புறப்பட்டார். சென்ரியில் ஆமிக்காரன் பரீனாவின் வயிற்றைப் பார்த்தான். றோட்டுக்குக் குறுக்கே கிடந்த தடியைத் தூக்கினான். சோமசேகரம் புத்தகத்தை நீட்டினார். அவன் போ போ என்று கையைக் காட்டினான்.

"புத்தகத்தைப் பாக்கேல்லையே," என்றார், கொஞ்சத் தூரம் போய்.

"ஒரு நாளும் பாக்கிறேல்லை. நான் அதால நாலு வருசமாப் போய் வாறனான்," என்றாள் பின்னாலிருந்து ராசமலர். "றோட்டைப் பாத்து ஓடுங்கோ."

பதினொரு மணிக்குப் பரீனாவுக்குப் பொம்பிளைப் பிள்ளை பிறந்தது. ஆசுபத்திரி வாசலில் நின்ற சனமெல்லாம் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தது. தன் வண்டி இதற்குத்தான் கப்பலேறி வந்தது என்று சோமசேகரம் அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு வந்தார். இனிமேல் எல்லாப் பிள்ளைத்தாச்சிகளையும் தானே ஏற்றி இறக்குவதாகவும் அறிவித்தார்.

"உங்களுக்கு ஏன் கரைச்சல்," என்றாள் ராசமலர். மூன்று சில்லு வண்டி சரிந்து விழாது என்பதை அவள் வழியெல்லாம் கவனித்துக்கொண்டே வந்திருந்தாள். மஜீதின் கராஜ் வளவில் இரண்டு கிழமை வண்டி ஓடப் பழகினாள். ஒன்றே ஒன்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. அந்த எஞ்சினை உதைத்து எழுப்புவதற்குக் கனத்த கால் வேண்டும்.

தினமும் காலை ஆறு மணிக்குச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதை உதைத்து எழுப்பி அவளிடம் கொடுத்துவிட்டு, சோமசேகரம் துறைமுகத்துக்கு நடந்து போனார்.