ம் கொட்டிய கதவு

இன்று ஒரே ஒரு ஜீவனாவது தன் பேச்சைக் கடைசிவரை கேட்டே ஆகவேண்டும் என்று ஸ்கேல் சபதம் எடுத்தார். கட்டட வரைபட அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர். விறைப்பாக இருப்பார், கோடு போட வேண்டுமென்றால் மட்டும் தேடுவார்கள். திங்கட்கிழமை அங்கே பின்நவீனக் கட்டடக் கலைஞர்களைப் பற்றி அவர் பேசவேண்டும். மூன்று வாரம் தேடிச் சேர்த்த நாற்பது படங்கள். போன தடவை பேசியபோது முதலாளி குறட்டை விட்டார். மற்றவர்கள் அந்தத் தூக்கத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.

"கொஞ்சம் உட்காந்து கேளேன்" என்றார் மனைவியிடம்.

"காலையில பல்லு விளக்கும்போதே கேட்டாச்சே!"

"அது முன்னுரைடி."

"அய்யோ! எனக்கு அடுப்படியில தலைக்கு மேல வேலை. கதவைச் சாத்திக்கிறேன், நீங்க வெளிய நின்னு பேசுங்க."

"நடுநடுவுல 'ம்' கொட்டணும்."

"கொட்டிட்டாப் போச்சு."

ஸ்கேல் கதவைப் பார்த்து ஆரம்பித்தார். "இந்தத் தூண் எதையும் தாங்கல. சும்மா நிக்குது!"

"ம்ம்" என்றது கதவு.

"இந்த மாடியோட உச்சி, பழைய அலமாரித் தலை மாதிரி! இது பழைய பாணிக்குக் கிண்டலா, மரியாதையான்னு இன்னும் சண்டை ஓயல."

"அப்படியா!"

பதினாறு வருஷத்தில் முதல் 'அப்படியா'. ஸ்கேலுக்குக் கண் கலங்கியது. கையை வீசினார், குரலை ஏற்றினார். இருபத்தெட்டாவது படத்தில் தொண்டை வறண்டது.

"ஒரு டம்ளர் தண்ணி கொடேன்."

"ரொம்பச் சரியாச் சொன்னீங்க."

"தண்ணிம்மா!"

"அப்புறம்?"

கதவைத் தள்ளினார். ஆளில்லை. உப்பு ஜாடியில் சாய்ந்திருந்த மனைவியின் போன், பதிவுசெய்து வைத்த அவள் குரலில் சுற்றிச் சுற்றி 'ம்' கொட்டிக்கொண்டிருந்தது. பின்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டிலிருந்து அவள் சிரிப்பு கேட்டது. அப்படியொரு சிரிப்பை இந்த வீட்டுக்குள் கேட்டு எத்தனை நாளாயிற்று!

ஜன்னலில் தலையை நீட்டினார். "என்னடி இது அநியாயம்?"

"நீங்கதானே காலையில சொன்னீங்க? முகப்பு ஜோரா இருந்தாப் போதும், பின்னாடி என்ன இருக்குன்னு அது காட்ட வேண்டியதில்லன்னு! ஒழுங்காக் கேட்டேன்ல?"

கேட்டுத்தான் இருக்கிறாள். உலகத்திலேயே அவள் ஒருத்திதான்.

ஸ்கேல் தண்ணீரைத் தானே எடுத்துக் குடித்தார். இன்னும் பன்னிரண்டு படம் பாக்கி. வெளியே வந்து, அடுப்படிக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"அப்புறம்?" என்றது கதவு.