லேபிள் இல்லாத சூப்

ஸ்கார்த்விக் நகரசபையின் வடிகால் பிரிவில் மதியம் பன்னிரண்டரைக்கு வேலை நின்றுவிடும் என்று ஊரில் சிலர் சொல்வது அப்பட்டமான அவதூறு. வேலை பதினொன்றே முக்காலுக்கே நின்றுவிடும். பன்னிரண்டரைக்கு மைக்ரோவேவ் அடுப்பின் முன்னால் வரிசை தொடங்கும், அவ்வளவுதான்.

அந்த வரிசையில் டெரிக் ஹெப்டன் பத்தொன்பது வருஷமாக நின்றார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் பிளாஸ்டிக் தட்டு. தட்டில், உருளைக்கிழங்கு மசியல் பூசிய ஆட்டுக்கறி. மேல்தாளில் முள்கரண்டியால் நாலு குத்து, அடுப்பில் நாலு நிமிஷம், மேஜைக்குத் திரும்பியதும் நாலு நிமிஷத்தில் காலி. கண் கணினியில் இருக்கும், கை வாய்க்குப் போய்வரும். சாப்பிட்டாயிற்றா இல்லையா என்பதைச் சட்டையில் சிந்தியிருப்பதைப் பார்த்துத்தான் அவரே தெரிந்துகொள்வார்.

ஐம்பத்தாறாவது வயதில் ரத்த அழுத்தம் பார்க்கப் போனார். கையில் பட்டியைச் சுற்றிய நர்ஸ், எண்ணைப் பார்த்துவிட்டுக் கருவிதான் கெட்டுப்போயிற்று என்று இன்னொன்றை எடுத்து வந்தாள். அதுவும் அதே எண்ணைத்தான் காட்டியது.

"மதியம் என்ன சாப்பிடுறீங்க டெரிக்?"

"ஆட்டுக்கறி."

"அதுல என்னென்ன இருக்கு?"

டெரிக் யோசித்தார். "ஆடு இருக்கணும்" என்றார்.

"மூணு மாசம் தரேன். சாப்பாட்டை மாத்துங்க. எண் இறங்கலைன்னா மாத்திரைதான். ஆரம்பிச்சா அப்புறம் நிறுத்த முடியாது."

மறுநாள் டெரிக் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பெட்டியைத் திருப்பிப் படித்தார். முப்பத்தோரு பொருள்கள். ஆடு பதினாலாவது இடத்தில் இருந்தது. அதற்கு முன்னால் வந்தவற்றில் ஐந்தை அவரால் வாய்விட்டுப் படிக்கவே முடியவில்லை. இரண்டை மட்டும் ஏற்கனவே தெரியும். குழாய் அடைப்பு நீக்கும் திரவத்தின் டப்பாவில் பார்த்திருக்கிறார்.

மனைவி பிரிந்துபோய் ஆறு வருஷமாகிறது. வீட்டு அடுப்பு அன்றிலிருந்து விடுப்பில் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைத்து, சிவப்புப் பருப்பு, கேரட், வெங்காயத்தாள் மாதிரியான லீக் தண்டு, ஒரு கைப்பிடி பார்லி எல்லாம் போட்டு சூப் வைத்தார். முதல் பானை அடிப்பிடித்தது. இரண்டாவதில் உப்பு இல்லை. மூன்றாவதைக் குடித்துவிட்டுச் சமையலறையில் தனியாக நின்று, "அட!" என்றார். அந்த வீட்டில் ஆறு வருஷத்தில் வாய்விட்டுச் சொல்லப்பட்ட முதல் வார்த்தை அது.

திங்கட்கிழமை பிளாஸ்கைத் திறந்ததும் வாசனை தடுப்புச் சுவர்களைத் தாண்டியது. வாகன அனுமதிப் பிரிவு மொரீன் எட்டிப் பார்த்தாள்.

"என்ன டெரிக், மணக்குது?"

"சூப்."

"எந்தக் கம்பெனி?"

"என் கம்பெனி."

"உனக்கு வெந்நீர் வைக்கத் தெரியுமான்னே எனக்குச் சந்தேகம். ஒரு கரண்டி குடு பார்ப்போம்."

ஒரு கரண்டி மூன்று கரண்டியாயிற்று. மறுநாள் நன்றிக்கடனாக மொரீன் பீட்ரூட் சாலட் கொண்டு வந்தாள். குப்பை வண்டிகளின் அட்டவணை போடும் கேவின், தான் வளர்க்கும் கோழியின் முட்டைகளை அவித்து எடுத்து வந்தான். உணவறை மேஜைகளை ஒட்டிப் போட்டார்கள். இரண்டு வாரத்தில் பதினோரு பேர் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அப்போதுதான் பல உண்மைகள் வெளிவந்தன. ஒன்பது வருஷமாக மொரீனுக்குக் கடுகடுப்பான மின்னஞ்சல்கள் அனுப்பிவந்த ஆசாமி தடுப்புக்கு அந்தப் பக்கம் நாலடி தூரத்தில்தான் இருந்தான் என்பது அவற்றில் ஒன்று. நேரில் பார்த்தால் நல்ல மனிதன். ரொட்டி சுடுவான்.

டெரிக்கின் எண் இறங்கியது. இரண்டாம் மாடிக்கு லிஃப்ட் இல்லாமல் ஏறினார். ஏறியதும் பேசவும் முடிந்தது.

ஒருநாள் இயக்குநர் அந்த வழியே போனார். நகரசபைக் கட்டடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டால் காரணம் விசாரிப்பது இயக்குநரின் கடமை. விசாரித்தார். ஊழியர்கள் ஆரோக்கியமாகச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. அவர் அதைத் தடுத்திருந்தால்கூட எப்படியாவது பிழைத்திருக்கும். ஊக்குவிப்பது என்று முடிவு செய்துவிட்டார்.

மூன்றே வாரத்தில் இமோஜன் ஃபேரர் வந்து சேர்ந்தாள். பதவி: பணியிட ஊட்ட நலவாழ்வு ஒருங்கிணைப்பாளர். பச்சைச் சட்டமிட்ட கண்ணாடி, கைக்குழந்தை அளவுக்கு ஒரு தண்ணீர்க் குப்பி. பேசுவதற்கு முன் ஒருமுறை மூச்சை ஆழமாக இழுத்து விடுவாள். எதிரில் இருப்பவர்களும் இழுத்து விடவேண்டும். வந்த அன்றே சுற்றறிக்கை எண் ஒன்று வெளியாயிற்று.

"ஊழியர்கள் மகிழ்ச்சியாகவும் தன்னிச்சையாகவும் ஆரோக்கிய உணவு உண்பது நிர்வாகத்தின் கவனத்திற்கு வந்துள்ளது. மேற்படி தன்னிச்சையை முறைப்படுத்தும் பொருட்டு, அடுத்த வாரம் உண்ண உத்தேசித்துள்ள உணவின் விவரங்களை வியாழன் மாலைக்குள் படிவம் ம.உ.7-இல் இரு பிரதிகளாகச் சமர்ப்பிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது."

டெரிக் நல்ல மனிதர். பத்தொன்பது வருஷ நகரசபைக்காரர். படிவத்தைக் கண்டால் நிரப்பிவிடுவார். ஆனால் திங்கட்கிழமை இமோஜன் பிளாஸ்கைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"மிஸ்டர் ஹெப்டன், இதுல லேபிள் இல்லையே."

"அது பிளாஸ்க்ம்மா. வீட்ல இருந்து கொண்டு வந்தது."

"அப்ப உள்ள இருக்கறது ஆரோக்கியமானதுன்னு எப்படித் தெரியும்?"

"பருப்பும் கேரட்டும் போட்டிருக்கேன்."

"அது உங்க கருத்து." எழுதிக்கொண்டாள். "காலாவதி ஆகுற தேதி?"

"இன்னிக்கு. ஒரு மணிக்குள்ள குடிச்சிடுவேன்."

"தயாரிப்பாளர்?"

"நான்தான்."

"உரிமம் இருக்கா?"

"வண்டி ஓட்டுற உரிமம்தான் இருக்கு."

அடுத்தது கேவின் முறை. முட்டையின் உற்பத்தியாளர் யார் என்று கேட்டாள். "கோழி" என்றான். உற்பத்தியாளரின் முகவரி கேட்டாள். "எங்க வீட்டுப் பின்பக்கம்" என்றான். உற்பத்தியாளர் சுகாதாரப் பயிற்சி முடித்திருக்கிறாரா என்று கேட்டபோது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது ஒத்துழையாமை என்று பதிவாயிற்று.

லேபிள் இல்லாத உணவெல்லாம் "சரிபார்க்கப்படாத பொருள்" ஆயிற்று. சரிபார்க்கப்படாத பொருளைப் பொது மேஜையில் வைக்கக் கூடாது. மொரீனின் ஆப்பிளிலும் லேபிள் இல்லை. அதை வெட்டக் கத்தி வேண்டும், கத்திக்கு ஆபத்து மதிப்பீடு வேண்டும். ஆகவே தொழிற்சாலையில் வெட்டி, பிளாஸ்டிக் பையில் அடைத்து, பழுப்பாகாமல் இருக்க எதிலோ முக்கியெடுத்த ஆப்பிள் துண்டுகள் வரவழைக்கப்பட்டன. அவற்றின் பையில் லேபிள் இருந்தது.

லேபிள் என்று பார்த்தால் அட்டைப்பெட்டிச் சாப்பாட்டை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. முப்பத்தோரு பொருளும் வரிசையாக அச்சிட்டிருக்கும். கூடவே அந்தக் கம்பெனிக்காரர்கள் காலத்தோடு ஒத்துப்போகிறவர்கள். பெட்டியின் மூலையில் ஒரு பச்சை இலை படம் சேர்த்திருந்தார்கள். இமோஜன் அந்த இலையைப் பார்த்ததும் ஒரு மூச்சு இழுத்து விட்டு, ஒப்புதல் முத்திரை குத்தினாள்.

இப்படியாக, ஆரோக்கிய மதிய உணவுத் திட்டம் தொடங்கிய ஒன்பதாம் நாள், ஸ்கார்த்விக் நகரசபையில் சூப் தடைசெய்யப்பட்டது. டெரிக் மறுபடியும் அடுப்பின் முன்னால் வரிசையில் நின்றார். ஒட்டிப் போட்ட மேஜைகள் பிரிந்தன. ரொட்டி சுடும் ஆசாமி மறுபடியும் மொரீனுக்கு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கினான்.

"சூப்பைப் பரிசோதனைக்கு அனுப்பலாமே" என்று வழி சொன்னவளும் இமோஜன்தான். பிளாஸ்கிலிருந்து ஒரு சீசாவில் மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். ஆறு வாரம் கழித்து அறிக்கை வந்தது. "பெறப்பட்ட மாதிரி புளித்து நுரைத்துள்ளது. மனிதர் உண்ணத் தகுதியற்றது."

அதோடு ஒரு குறிப்பாணையும் வந்தது. உண்ணத் தகுதியற்ற பொருளைப் பணியிடத்துக்குக் கொண்டு வந்ததற்காக டெரிக் ஹெப்டன்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவேண்டும்.

அன்று மாலை நர்ஸ் பட்டியைச் சுற்றினாள். எண் பழைய இடத்துக்கே ஏறியிருந்தது. "இன்னும் மூணு வாரம்தான் பார்ப்பேன் டெரிக்" என்றாள்.

டெரிக் வாழ்நாளில் யாரையும் எதிர்த்தவர் அல்ல. வடிகால் பிரிவில் புகார்களை வாங்கி அடுக்குவது அவர் வேலை, கொடுப்பதல்ல. ஆனால் மறுநாள் அவர் தன் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு நேரே கீழே போய், வண்டி நிறுத்துமிடத்தின் நடுவில், கொட்டும் மழையில், குடையைப் பிடித்துக்கொண்டு சூப் குடித்தார்.

மொரீன் ஜன்னலிலிருந்து பார்த்தாள். "யோவ், நிமோனியா வரும்!"

"வரட்டும். அதுக்கு லேபிள் வேண்டாம்!"

பத்து நிமிஷத்தில் பதினோரு குடைகள். அடுத்த நாள் முப்பது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வந்து படம் எடுத்தார். "சூப்புக்குத் தடை! மழையில் நனையும் ஊழியர்கள்" என்று முதல் பக்கத்தில் போட்டார்கள். ஊரே கொதித்தது. வரி கட்ட வந்தவர்கள் கேரட்டை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள். வானொலியில் டெரிக் பேசினார். கையெழுத்து வேட்டை நடத்தினார், மனு எழுதினார், பேட்டி கொடுத்தார். நாலாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். அதில் பாதிப் பேர் பக்கத்து ஊர்க்காரர்கள்.

இயக்குநர் அவசரக் கூட்டம் கூட்டினார். டெரிக் எழுந்து நின்றார்.

"ஒரு மனுஷன் தன் கையால சமைச்சதைத் தன் வாயில போட்டுக்கறதுக்கு ஒரு படிவம் வேணும்னா, நாளைக்கு மூச்சு விடவும் படிவம் கேப்பீங்க."

இமோஜன் மூச்சை ஆழமாக இழுத்தாள். ஆனால் விடவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை சுற்றறிக்கை எண் இருபத்து மூன்று வெளியாயிற்று. படிவம் ம.உ.7 ரத்து. ஊழியர்கள் தாங்கள் விரும்பியதை உண்ணலாம். குறிப்பாணை திரும்பப் பெறப்பட்டது. கேவின் டெரிக்கைத் தோளில் தூக்கப் பார்த்து, முடியாமல், நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கு டெரிக் உணவறைக்குப் போனார். மேஜைகள் ஒட்டிப் போடப்பட்டிருந்தன. முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பின் முன்னால் நீண்ட வரிசை. அறை முழுக்க வெந்நீர் ஊற்றிய டப்பா நூடுல்ஸ் மணம்.

"மொரீன், பீட்ரூட் எங்க?"

"அட போ டெரிக், அதை யாரு உட்கார்ந்து தோல் சீவுறது? கையெல்லாம் சிவப்பாகுது."

"கேவின், முட்டை?"

"கோழி முட்டை போடுது தலைவரே. எனக்குத்தான் அவிக்க நேரமில்ல."

"அப்ப எதுக்குடா மழையில நின்னோம்?"

"உரிமைக்கு!" என்றான் கேவின், வாய் நிறைய நூடுல்ஸோடு. "விரும்பினதைச் சாப்பிடற உரிமை. சூப்பு குடிக்கிறோம்னு யாரு சொன்னா?"

"எங்க எல்லாருக்கும் சேர்த்துத்தான் நீ ஆரோக்கியமா சாப்பிடறியே, அது போதும்" என்றாள் மொரீன். "உன்னைப் பார்த்தாலே எனக்குக் கொழுப்பு குறையுது. உட்காரு, பிளாஸ்கைத் திற. இன்னிக்கு என்ன சூப்பு?"

முப்பது முகங்களும் பெருமையோடு அவரைப் பார்த்தன. டெரிக் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"காத்தாட வெளிய போய்க் குடிக்கிறேன்" என்றார்.

அவர் வெளியே போகவில்லை. பின்பக்க அவசரப் படிக்கட்டுக்குப் போனார். அந்தக் கதவை யாரும் திறப்பதில்லை. பையில் இருந்தது, காலையில் பெட்ரோல் பங்க்கில் வாங்கிய முக்கோணப் பெட்டி சாண்ட்விச். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நன்றியுரை எழுதியதில் பருப்பு ஊறப்போட மறந்துவிட்டார். அதற்கு முந்தைய ஞாயிறு வானொலி. அதற்கும் முந்தைய ஞாயிறு கையெழுத்து வேட்டை. வண்டி நிறுத்துமிடத்தில் முதல் வாரத்துக்குப் பிறகு அவர் பிளாஸ்கில் இருந்தது வெந்நீர் என்பது யாருக்கும் தெரியாது.

மூன்றாவது படியில் இமோஜன் ஃபேரர் உட்கார்ந்திருந்தாள். மடியில் எண்ணெய் ஊறிய காகிதப் பை. கையில் பாதி கடித்த சாசேஜ் ரோல். உதட்டோரம் கெட்சப்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் சுவரோரம் நகர்ந்து இடம் விட்டாள். டெரிக் உட்கார்ந்து முக்கோணப் பெட்டியைக் கிழித்தார்.

"இங்க அடிக்கடி வருவீங்களா?" என்று கேட்டார்.

"வேலையில சேர்ந்த நாள்லேர்ந்து."

மென்றார்கள். கீழே எங்கோ கதவு சாத்தும் சத்தம் கேட்டபோது இருவரும் ஒரே நேரத்தில் பையை மறைத்தார்கள். யாரும் வரவில்லை.

"உங்க சூப்பை நான் குடிச்சுப் பார்த்தேன் மிஸ்டர் ஹெப்டன்" என்றாள் இமோஜன், சட்டென்று. "மாதிரி எடுத்த அன்னிக்கு, மூடியில கொஞ்சம் ஊத்தி. அவ்வளவு நல்லா இருந்துது. எங்க வீட்ல யாரும் அப்படி வெச்சதில்ல."

டெரிக் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். "அப்ப அதை எழுதியிருக்கலாமேம்மா. ஒரே ஒரு வரி."

அவள் உண்மையான வருத்தத்தோடு அவரைப் பார்த்தாள்.

"எங்க எழுதறது? படிவத்துல அதுக்குக் கட்டமே இல்லையே."